மயக்க ஊசிக்கு முன் பேச வேண்டிய பேச்சு

மல்டிபிள் ஸ்கிளரோசிஸ் வந்துவிட்டது என்பதற்காக மற்ற வியாதிகள் நம்மை விட்டுவைப்பதில்லை. குடல்வால் வீங்கும், கண்ணில் புரை விழும், கர்ப்பப்பையில் கட்டி வளரும். கால் தடுமாறி விழுந்தால் இடுப்பெலும்பு முறியும். எம்.எஸ். என்று சுருக்கமாகச் சொல்லப்படும் இந்த நோயோடு வாழ்கிற எத்தனையோ பேர் என்றைக்காவது ஒருநாள் வேறு ஏதோ ஒரு காரணத்துக்காக ஆபரேஷன் தியேட்டருக்குள் போகத்தான் வேண்டியிருக்கிறது. எனக்குப் பித்தப்பைக் கல்.

நான் ஸ்ரீரங்கத்தில் வசிக்கும் கணக்கு ஆசிரியை. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து மறுபடி வகுப்புக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். அறுத்த சர்ஜனுக்கு நான் கடமைப்பட்டவள்தான். ஆனால் அதைவிடப் பெரிய கடன், முதல் வாரமே என்னை உட்காரவைத்து ஒரு மணி நேரம் பேசிய மயக்க மருத்துவருக்கு. எங்கள் ஊரில் மயக்க மருத்துவரைப் பெரும்பாலும் யாரும் பார்ப்பதுகூட இல்லை. தியேட்டரில் முகமூடிக்குப் பின்னால் ஒருவர் நிற்பார், கையில் ஊசி போடுவார், பிறகு நமக்கு ஒன்றும் தெரியாது. அந்த ஒரு மணி நேரப் பேச்சில் என்ன இருந்தது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் நோயைப் பற்றிக் கொஞ்சம். நம் உடம்பைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு அணுக்கள், மூளையிலும் தண்டுவடத்திலும் கண் நரம்பிலும் உள்ள நரம்பிழைகளின் மேலுறையைத் தாக்கி அழிக்கின்றன. அந்த உறைக்கு மயலின் என்று பெயர். வாய்க்காலின் கரை உடைந்தால் தண்ணீர் நடுவழியிலேயே பரவிக் கடைமடைக்குப் போய்ச் சேராமல் போகும் அல்லவா, அப்படித்தான் உறை அழிந்த நரம்பில் மூளையின் செய்தி காலுக்கும் மூத்திரப் பைக்கும் சரியாகப் போய்ச் சேருவதில்லை. 1868-ல் பாரிஸின் சால்பெட்ரியேர் மருத்துவமனையில் ழான் மார்ட்டின் ஷார்கோ இதைத் தனி நோயாக வரையறுத்தார். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மடங்குக்கும் மேல் வருகிறது. பெரும்பாலும் இருபது முதல் நாற்பது வயதுக்குள், அதாவது படிப்பு, வேலை, கல்யாணம், பிள்ளைப்பேறு எல்லாம் நடக்கிற வயதில்.

என் மகள் 2009-ல் சிசேரியனில் பிறந்தாள். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்துதான் எடுத்தார்கள். மூன்று மாதம் முடிவதற்குள் என் வலது காலில் எறும்பு ஊர்வதுபோல ஆரம்பித்து, பாதம் மரத்து, இடது கண்ணில் பார்வை மங்கியது. எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து எம்.எஸ். என்றார்கள். வீட்டில் யாருக்கும் அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை. முதுகு ஊசி என்பது மட்டும் எல்லோருக்கும் புரிந்தது. "அந்த ஊசிதான்டி உன் நரம்பைக் கெடுத்துடுச்சு" என்று என் பெரியம்மா சொன்னதை அத்தை பிடித்துக்கொண்டார். அத்தையிடமிருந்து தெருவுக்கே பரவியது. மறுபிள்ளை வேண்டாம் என்று நானும் கணவரும் முடிவெடுத்ததில் அந்தப் பேச்சுக்குப் பங்கு உண்டு. அதனால்தான், பித்தப்பை ஆபரேஷன் என்றதும் வீட்டில் முதலில் எழுந்த கேள்வி கல்லைப் பற்றியோ கத்தியைப் பற்றியோ இல்லை. "மறுபடியும் மயக்க ஊசியா?" என்பதுதான்.

வலியோ பொறுக்க முடியாததாக இருந்தது. சாப்பிட்ட பிறகு வலது விலாவுக்குக் கீழே பிடித்து, தோள்பட்டை வரை ஏறும். நாங்கள் முதலில் போன மருத்துவமனையில் ஃபைலைத் திறந்து பார்த்துவிட்டு, "எம்.எஸ். கேஸா? மயக்கம் கொடுத்தா நோய் திரும்பிடும். முடிஞ்சவரை மாத்திரையிலேயே ஓட்டுங்க" என்று அனுப்பிவிட்டார்கள். இப்படி அனுப்பப்படுகிறவர்கள் எத்தனையோ பேர். கல் பித்த நாளத்தில் போய் அடைத்து, காமாலையும் காய்ச்சலுமாக அவசர ஆபரேஷன் செய்ய நேர்ந்தால் அதுதான் உண்மையான ஆபத்து. சீழ் பிடித்த பித்தப்பை, அதிகக் காய்ச்சல், யோசிக்க நேரமில்லாத மருத்துவர்கள். எம்.எஸ். உள்ள உடம்புக்கு அதைவிட மோசமான சூழ்நிலை இல்லை.

இரண்டாவது மருத்துவமனையில், "முதலில் அனஸ்தீசியா டாக்டரிடம் ஃபிட்னெஸ் வாங்கிட்டு வாங்க" என்றார் சர்ஜன். எக்கோ எடுத்து, ரத்தம் கொடுத்து, ஒரு கையெழுத்து வாங்குவதுதான் ஃபிட்னெஸ் என்று நினைத்துப் போனோம். மயக்க மருத்துவரான அந்த அம்மா நாற்காலியை எனக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் கேட்ட முதல் கேள்வி, "டீச்சர், இன்னைக்கு உங்க கால் எப்படி இருக்கு?"

காலை மடக்கச் சொன்னார், எதிர்த்து அழுத்தினார். வலது கால் பலம் ஐந்துக்கு நான்கு, இடது ஐந்துக்கு ஐந்து என்று எழுதினார். கண்ணைச் சோதித்தார். மரத்துப்போன இடங்களைப் பஞ்சால் தொட்டுக் குறித்துக்கொண்டார். "இப்ப இருக்கிற குறையை இப்பவே எழுதி வெச்சாத்தான், ஆபரேஷனுக்கு அப்புறம் ஏதாவது தெரிஞ்சா அது புதுசா பழசான்னு சொல்ல முடியும். இல்லன்னா எல்லாப் பழியும் மயக்க மருந்து மேல விழும்" என்றார்.

அந்த வார்த்தை என் கணவருக்குச் சுருக்கென்றது. முதுகு ஊசிக் கதையை அவர்தான் எடுத்துச் சொன்னார். டாக்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, என் முதல் எம்.ஆர்.ஐ. படத்தை வெளிச்சப் பலகையில் மாட்டினார். உறை அழிந்த வெள்ளைத் திட்டுகள் மூளையில் இருந்தன. சில திட்டுகள் பழையவை, பிரசவத்துக்கு முன்பே வந்திருக்க வேண்டியவை. முதுகு ஊசி இடுப்பெலும்பின் மட்டத்தில், தண்டுவடம் முடிந்துபோன இடத்துக்குக் கீழே போடப்படுவது. அந்த ஊசி எப்படி மூளையிலும் கண் நரம்பிலும் காயம் செய்யும்?

அப்படியானால் பிரசவத்துக்குப் பிறகு ஏன் வந்தது? அதற்கும் பதில் இருக்கிறது. 1998-ல் பிரெஞ்சு நரம்பியல் நிபுணர் கிறிஸ்தியான் கான்ஃபவ்ரே தலைமையில் வெளியான ஆய்வு, 12 ஐரோப்பிய நாடுகளில் எம்.எஸ். உள்ள 254 பெண்களின் 269 கர்ப்பங்களைப் பின்தொடர்ந்தது. கர்ப்பத்துக்கு முந்தைய ஆண்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஆண்டுக்கு 0.7 என்ற கணக்கில் வந்துகொண்டிருந்த நோய்த் தாக்குதல், கடைசி மூன்று மாதங்களில் 0.2 ஆகக் குறைந்தது. பிள்ளை பிறந்த முதல் மூன்று மாதங்களில் 1.2 ஆக எகிறியது. வயிற்றில் பிள்ளை இருக்கும்போது தாயின் எதிர்ப்பு சக்தி தணிந்திருக்கிறது. பிள்ளை வெளியே வந்ததும் அது திரும்பச் சீறுகிறது. அந்த ஆய்வில் தண்டுவடத்தைச் சுற்றிய உறைக்கு வெளியே மருந்து செலுத்தும் எபிடியூரல் போட்டுக்கொண்ட பெண்களுக்கும் போடாதவர்களுக்கும் இதில் வித்தியாசம் தெரியவில்லை. தாய்ப்பால் கொடுத்ததாலும் கெடுதல் இல்லை.

நான் கணக்கு வாத்தியார். 0.2 என்பது 1.2 ஆவது எவ்வளவு பெரிய தாவல் என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. எனக்கு வந்தது அந்தத் தாவலில்தான் வந்தது. ஊசி போட்ட முகமறியாத மருத்துவரை எங்கள் வீடு இத்தனை வருஷமாகத் திட்டியது அநியாயம் என்று அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

டாக்டர் இன்னொன்றையும் மறைக்காமல் சொன்னார். எனக்கு அன்று போட்டது ஸ்பைனல். அதில் மருந்து தண்டுவட நீரிலேயே நேராகக் கலக்கிறது. மேலுறை இல்லாத நரம்பு அந்த மருந்தின் வீரியத்தைக் கூடுதலாக வாங்கிக்கொள்ளலாம் என்ற சந்தேகம் மருத்துவ உலகில் வெகுகாலமாக உண்டு. அதனால் எம்.எஸ். உள்ளவர்களுக்கு இரண்டில் எது போட்டாலும் சரி என்றால் எபிடியூரலை, அதுவும் குறைந்த வீரியத்தில், பலர் விரும்புகிறார்கள். ஸ்பைனல் தடை செய்யப்பட்டது அல்ல. தேவைப்பட்டால் விஷயத்தைச் சொல்லி, சம்மதம் வாங்கிப் போடுகிறார்கள். எனக்கு வரப்போவது வயிற்றில் சிறு துளைகள் போட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பி என்பதால் முழு மயக்கம்தான். முழு மயக்கம் எம்.எஸ். நோயைத் திரும்பக் கொண்டுவருகிறது என்பதற்கு ஆதாரம் கிடையாது. "நோயைத் திருப்பிக் கொண்டுவர்றது மயக்கம் இல்லை டீச்சர். காய்ச்சலும் கிருமியும்தான் நமக்கு எதிரி" என்றார்.

பிறகு மருந்துச் சீட்டை எடுத்தார். என் அனுபவத்தில் இதுதான் மிக முக்கியமான பகுதி.

காலின் இறுக்கத்துக்காக நான் பேக்லோஃபென் சாப்பிடுகிறேன். ஆபரேஷனுக்கு வெறும் வயிற்றோடு வரச் சொல்கிறார்களே என்று பலரும் எல்லா மாத்திரையையும் முந்தின நாளே நிறுத்திவிடுகிறார்கள். பேக்லோஃபெனைச் சட்டென்று நிறுத்தினால் இறுக்கம் பல மடங்காகத் திரும்பும். உடம்பு கொதிக்கும், இல்லாத உருவங்கள் தெரியும், வலிப்புகூட வரும். ஆபரேஷன் அன்று விடிகாலையிலும் ஒரு மிடறு தண்ணீரில் அதை விழுங்கிவிடச் சொன்னார். திட உணவை ஆறு மணி நேரத்துக்கு முன்பும், வெறும் தண்ணீரை இரண்டு மணி நேரத்துக்கு முன்பும் நிறுத்தினால் போதும் என்றும் சொன்னார். அந்த மாத்திரை மயக்க மருந்தோடு சேர்ந்து தூக்கத்தைக் கூட்டும் என்பதால் அவரும் தன் அளவைக் குறைத்துக்கொள்ள வேண்டும். அதற்காகத்தான் அவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

நோயை அடக்கிவைக்க ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரிட்டுக்ஸிமேப் ஏற்றிக்கொள்கிறேன். அது எதிர்ப்பு அணுக்களில் ஒரு வகையை அழித்துவிடுவதால் கிருமித் தொற்று எளிதில் வரும். என் நரம்பியல் மருத்துவரோடு அங்கேயே போனில் பேசி, அடுத்த டோஸை, காயம் ஆறிய பிறகு போடலாம் என்று இருவரும் முடிவு செய்தார்கள். வேறு மருந்து என்றால் வேறு கணக்கு. ஃபிங்கோலிமோட் சாப்பிடுகிறவர்களுக்கு இதயத் துடிப்பு குறையும். அதை நிறுத்தினால் நோய் முன்னைவிட வேகமாகத் திரும்பக்கூடும். நீண்ட இடைவெளி விட்டு மறுபடி தொடங்கினால், முதல் டோஸுக்கு வைத்ததுபோலவே கண்காணிப்பில் இருக்க வேண்டும். நேட்டலிஸுமேபுக்கும் நிறுத்தினால் சீறுகிற குணம் உண்டு. ஆகவே எதை நிறுத்துவது, எதைத் தள்ளிப்போடுவது என்பதை நரம்பியல் மருத்துவர் மட்டும்தான் சொல்ல வேண்டும்.

கடந்த மாதங்களில் ஸ்டீராய்டு எடுத்தேனா என்றும் கேட்டார். நோய் தாக்கும்போது மெத்தில்பிரெட்னிசோலோன் தினம் ஒரு கிராம் வீதம் சில நாள் ஏற்றுவார்கள். சிலருக்கு வாய்வழியாகவும் தொடரும். வெளியிலிருந்து ஸ்டீராய்டு தொடர்ந்து வந்தால், உடம்பு தானாக அதைச் சுரப்பதைக் குறைத்துக்கொள்ளும். ஆபரேஷன் என்ற அதிர்ச்சி வரும்போது சுரக்க முடியாமல் ரத்த அழுத்தம் சரிந்துவிடலாம். அப்படிப்பட்டவர்களுக்கு ஹைட்ரோகார்டிசோன் ஊசி கைவசம் வைத்துக்கொள்வார்கள்.

நாங்கள் சைவம் என்றதும் பி-12 அளவைப் பார்க்கச் சொன்னார். மயக்கத்துக்குப் பயன்படும் நைட்ரஸ் ஆக்சைடு வாயு, உடம்பில் உள்ள பி-12 வைட்டமினைச் செயலிழக்கச் செய்யும். ஏற்கெனவே குறைவாக உள்ளவர்களுக்குத் தண்டுவடத்தையே அது பாதிக்கும். எனக்கு அந்த வாயுவே வேண்டாம் என்று எழுதினார். சிவப்பு மையில் எழுதிய இன்னொரு வரி, சக்சினைல்கோலின் கூடாது என்பது. மூச்சுக்குழாய்க்குள் ட்யூபை வைக்க வசதியாகத் தசைகளை நொடியில் தளர்த்தும் மருந்து அது. கால் செயலிழந்தவர்களுக்கும் நெடுநாள் படுக்கையில் இருப்பவர்களுக்கும் அதைக் கொடுத்தால், தசையிலிருந்து பொட்டாசியம் ரத்தத்தில் கொட்டி இதயமே நின்றுவிடலாம். என் கால் அவ்வளவு மோசமில்லை. மாற்று மருந்து இருக்கும்போது அந்த ஆபத்தை ஏன் வரவழைக்க வேண்டும் என்பது அவர் கட்சி. தசை எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்று மணிக்கட்டில் சின்ன மின் துடிப்பு கொடுத்துப் பார்க்கும் கருவியைப் பலவீனமான பக்கத்தில் பொருத்தினால் கணக்கு தப்பும் என்பதால், இடது கை என்றும் குறித்துக்கொண்டார்.

இருமச் சொன்னார். தண்ணீர் குடிக்கும்போது புரையேறுகிறதா, படுத்தால் மூச்சு முட்டுகிறதா, எழுந்தால் தலை சுற்றுகிறதா என்று கேட்டார். நோய் முற்றியவர்களுக்கு மூச்சுத் தசைகளும் விழுங்கும் தசைகளும் தளர்ந்திருக்கும். அவர்களுக்கு ஆபரேஷனுக்குப் பிறகு ஐ.சி.யூ. படுக்கை முன்கூட்டியே ஏற்பாடு செய்ய வேண்டியிருக்கும். எனக்கு அந்தத் தொல்லை இல்லை. மூத்திரம் முழுவதும் இறங்காமல் தேங்குகிற தொல்லை மட்டும் உண்டு. யூரின் கல்ச்சர் கொடுத்ததில் கிருமி இருந்தது. எனக்கு எரிச்சல்கூடத் தெரியவில்லை. அதை மருந்து கொடுத்துச் சுத்தம் செய்த பிறகுதான் தேதி குறித்தார்கள்.

தேதி விஷயத்திலும் அவர் பிடிவாதம் பிடித்தார். எம்.எஸ். உள்ள பலருக்கு உடல் வெப்பம் அரை டிகிரி ஏறினாலே கை கால் பலம் குறையும், பார்வை மங்கும். 1890-லேயே வில்ஹெல்ம் ஊட்டாஃப் என்ற ஜெர்மானியக் கண் மருத்துவர், உடலை வருத்தி இயங்கிய பிறகு பார்வை மங்குவதைக் கவனித்திருக்கிறார். பங்குனியில் பொதுத்தேர்வு மேற்பார்வைக்கு நின்றால் மதியத்துக்குள் என் கால் இழுக்க ஆரம்பிக்கும். வீட்டுக்கு வந்து தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டால் சரியாகும். திருச்சிக் கத்திரி வெயிலில், கரண்ட் போய்ப் போய் வருகிற வீட்டில் காயம் ஆற்ற வேண்டாம் என்று மார்கழிக்குத் தள்ளினார். கல் பொறுத்துக்கொள்ளும் என்று சர்ஜனும் ஒப்புக்கொண்டதால் அது முடிந்தது.

தியேட்டரில் நடந்தது எனக்கு அவர் பிறகு சொல்லித் தெரிந்தது. உணவுக்குழாயில் வெப்பமானியை வைத்து முழு நேரமும் உடல் சூட்டைப் பார்த்திருக்கிறார்கள். தியேட்டர் குளிரிலும் வயிற்றுக்குள் ஊதும் வாயுவிலும் உடம்பு சில்லிடும், நடுக்கம் வரும். அதனால் வெதுவெதுப்பான காற்றுப் போர்வை போடுவார்கள். எனக்கு 37 டிகிரியைத் தாண்டவிடாமல் அதை நிறுத்தி நிறுத்திப் போட்டிருக்கிறார்கள். கண் விழித்ததும் நான் முதலில் செய்தது வலது கால் விரலை அசைத்துப் பார்த்ததுதான். அசைந்தது.

இரண்டாம் நாள் இரவு காய்ச்சல் அடித்தது. கால் கல்லாகக் கனத்தது, கண்ணில் புகை படர்ந்தது. என் அம்மா, "வந்துடுச்சு, திரும்ப வந்துடுச்சு" என்று அரற்றினார். எனக்கும் வயிறு கலங்கியது. அனஸ்தீசியா டாக்டர் வந்து, ஆபரேஷனுக்கு முன் எழுதிய அந்தக் காகிதத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். நோயின் உண்மையான புதுத் தாக்குதல் என்றால், காய்ச்சலோ தொற்றோ இல்லாதபோது, 24 மணி நேரத்துக்கு மேல் நீடிக்க வேண்டும். காய்ச்சலோடு வருவது பெரும்பாலும் பழைய காயம் சூட்டில் மறுபடி தலைகாட்டுவது. அதற்கு அவசரப்பட்டு ஸ்டீராய்டு ஏற்றினால் உள்ளே இருக்கிற கிருமி கொழுக்கும். எனக்குச் செய்தது இவ்வளவுதான்: பாராசிட்டமால், ஈரத்துணி ஒத்தடம், யூரின் ட்யூபை எடுத்துவிட்டு மறுபடி பரிசோதனை, நெஞ்சில் சளி தங்காமல் மூன்று பந்துகள் உள்ள மூச்சுப் பயிற்சிக் கருவியை உறிஞ்ச வைத்தது, கையைப் பிடித்து நடக்க வைத்தது. சூடு இறங்கியதும் கால் தன் பழைய பலத்துக்கு வந்தது. கண்ணும் தெளிந்தது. நடக்க வைப்பதில் அவர்கள் கண்டிப்பாக இருந்ததற்கு இன்னொரு காரணம், ஏற்கெனவே அசைவு குறைந்த காலில் ரத்தம் உறைந்துவிடும் ஆபத்து.

முதல் மருத்துவமனை என்னைத் திருப்பி அனுப்பியதைப் பற்றி ஒரு வார்த்தை. மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, குறிப்பிட்ட 21 குறைபாடுகளில் மல்டிபிள் ஸ்கிளரோசிஸையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. சட்டத்தின் பட்டியலில் உள்ள ஒரு நோயைக் காட்டி, செய்ய வேண்டிய ஆபரேஷனை விசாரிக்காமலே மறுப்பது சரியல்ல. வசதி இல்லை என்றால் வசதி உள்ள இடத்துக்கு எழுதிக் கொடுத்து அனுப்பட்டும். "ஓட்டுங்க" என்று சொல்வது வைத்தியம் அல்ல. மல்டிபிள் ஸ்கிளரோசிஸ் சொசைட்டி ஆஃப் இந்தியாவுக்குச் சென்னையில் கிளை இருக்கிறது. வழி தெரியாதவர்கள் அங்கே கேட்கலாம்.

எனக்குப் பேச நேரம் கிடைத்தது. விபத்திலோ குடல்வால் வலியிலோ நள்ளிரவில் தூக்கிக்கொண்டு போகப்படுகிறவருக்கு அது கிடைக்காது. அவருக்காகக் காகிதம்தான் பேச வேண்டும். இந்த நோய் உள்ளவர்களையும் அவர்கள் வீட்டாரையும் கேட்டுக்கொள்கிறேன்: ஒரு தாளில் நோயின் பெயர், எந்தக் கை கால் எவ்வளவு பலவீனம், சாப்பிடும் ஒவ்வொரு மாத்திரையும் அதன் அளவும், கடைசியாக ஏற்றிய ஊசியின் தேதி, ஸ்டீராய்டு எடுத்த மாதம், சூடு ஆகாது என்ற வரி, நரம்பியல் மருத்துவரின் போன் நம்பர் ஆகியவற்றை எழுதுங்கள். ஒன்றைப் பர்ஸில் வையுங்கள், ஒன்றைப் படமெடுத்து வீட்டில் எல்லோர் போனிலும் போட்டு வையுங்கள். மருந்து மாறும்போதெல்லாம் தாளையும் மாற்றுங்கள். மயக்க ஊசியோடு வருகிற மருத்துவரின் கையில் முதலில் போய்ச் சேர வேண்டியது அந்தத் தாள்.